மரத்துக்குள்ள என்ன இருக்கு? பாரிஸ் தொழிற்சாலை வாரிசு ஆன்செல்ம் பாயென் செல்லுலோஸைக் கண்டுபிடித்த கதை

வீட்டுப் பரணில் பழைய நியூஸ்பேப்பர் கட்டு கிடந்தா ஒரு தாளை உருவிப் பாருங்க. பழுப்பு மஞ்சளாகி, மடித்த இடத்தில் முறிந்து, ஓரம் விரலோடு உதிர்ந்து வரும். அதே பரணில் இருக்கும் தாத்தா காலத்து நிலப் பத்திரம் அந்த அளவுக்குக் கெட்டிருக்காது. இரண்டும் காகிதம்தான். ஆனா ஒன்றில் மரத்தின் ஒரு பகுதிப் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிட்டது. அந்தப் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். வெளிச்சமும் காற்றும் பட்டால் நிறம் மாறுவது அதுதான்.

மரம் என்பது ஒரே பொருள் இல்லை, குறைந்தது இரண்டு பொருட்களின் கூட்டு என்று எடைபோட்டு, எரித்து, கணக்குப் போட்டு நிரூபித்தவர் ஆன்செல்ம் பாயென். பிரான்ஸ்காரர். செல்லுலோஸ் என்ற சொல் உலகத்துக்கு வந்தது அவரது ஆய்விலிருந்துதான். இன்று ஒரு காகித ஆலை லாரியில் வந்திறங்கும் மரத்தை லேபில் சோதிக்கிறது என்றால், அந்தச் சோதனையின் அடிப்படைக் கேள்வி அவர் கேட்ட கேள்வி. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி எடுத்த எனக்கு இந்தப் பெயரை யாரும் சொல்லித் தந்ததில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

நவச்சாரமும் எலும்பும்

பாயென் பிறந்தது 1795 ஜனவரி 6, பாரிஸில். பிரெஞ்சுப் புரட்சியின் சூடு இன்னும் தணியாத காலம். அப்பா சட்டத் துறையிலிருந்து ரசாயனத் தொழிலுக்குத் தாவியவர். நகரின் மேற்குப் புறத்தில், கிரெனெல் பகுதியில் நவச்சாரம் தயாரிக்கும் ஆலையைத் தொடங்கியிருந்தார். நவச்சாரம்னா, நம்ம ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவர் சூடான பாத்திரத்தில் தூவித் தேய்ப்பாரே, புகை கிளம்புமே, அதேதான்.

அந்தக் காலத்தில் அதைத் தயாரிக்க எலும்பு, கொம்பு, இறைச்சிக் கழிவு எல்லாவற்றையும் மூடிய கலத்தில் போட்டு எரிப்பார்கள். அம்மோனியா ஆவியாக வெளியே வரும். உள்ளே மிஞ்சுவது கருகிய எலும்பு. நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பையனைப் பள்ளிக்கு அனுப்பாமல் அப்பா வீட்டிலேயே படிக்க வைத்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து பாயென் பார்த்தது ஆலையும் உலையும்தான். பிறகு வாக்லான், செவ்ரெல் போன்ற அன்றைய பெரிய வேதியியலாளர்களிடம் பாடம் கேட்டார்.

இந்தப் பின்னணியைச் சும்மா சொல்லவில்லை. பாயென் வாழ்க்கையின் ஸ்டைலே இதுதான்: ஆலையில் ஒரு பிரச்சினை வரும், அதைத் துரத்திக்கொண்டு போவார், வழியில் அறிவியலில் ஒரு கதவு திறந்துகொள்ளும்.

23 வயதில் வெண்கார ஆலை ஒன்று அவர் பொறுப்புக்கு வந்தது. வெண்காரத்தைப் பொற்கொல்லர்கள் நகை பற்றவைக்கப் பயன்படுத்துவார்கள். கண்ணாடி, பீங்கான் தொழிலுக்கும் அது வேண்டும். அப்போது ஐரோப்பாவுக்கு அது திபெத்திய ஏரிக்கரைகளிலிருந்து இந்தியா வழியாகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. அதைச் சுத்திகரித்து விற்பதில் டச்சுக்காரர்கள் கை ஓங்கியிருந்தது. விலையும் அவர்கள் வைத்ததுதான். பாயென் வேறு வழி பார்த்தார். இத்தாலியின் டஸ்கனியில் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து கிடைத்த போரிக் அமிலத்தையும் சோடாவையும் சேர்த்து வெண்காரத்தைத் தானே தயாரித்தார். டச்சுக்காரர்கள் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சந்தையில் இறக்கினார். இன்றைய பாஷையில் சொன்னால் மார்க்கெட்டையே கவிழ்த்துவிட்டார்.

1820-ல் அப்பா இறந்தார். எல்லா ஆலைகளும் 25 வயதுப் பாயென் தலையில். அவற்றில் ஒன்று பீட்ரூட் சர்க்கரை ஆலை. நெப்போலியன் போர்களின்போது கரீபியக் கரும்புச் சர்க்கரை வராமல் போனதால் பிரான்ஸில் பிறந்த தொழில் அது. அந்தச் சர்க்கரைச் சாறு பழுப்பாக இருக்கும், வெளுக்க வேண்டும். பாயெனிடம்தான் ஏற்கெனவே நவச்சார ஆலையின் கருகிய எலும்பு மலைபோலக் குவிந்திருக்கிறதே! எலும்புக்கரி நிறத்தை எப்படி உறிஞ்சுகிறது, மரக்கரியை விட அது ஏன் நன்றாக வேலை செய்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். 1822-ல் அதற்குப் பரிசும் கிடைத்தது. ஒரு ஆலையின் கழிவு இன்னொரு ஆலையின் மூலப்பொருள் ஆனது.

மாவு எப்படி இனிக்கிறது?

சர்க்கரையிலிருந்து அடுத்து மாவுச்சத்துக்கு வந்தார். முளைகட்டிய கேழ்வரகை வாயில் போட்டு மென்று பார்த்திருக்கிறீர்களா? லேசாக இனிக்கும். முளைக்காத கேழ்வரகு அப்படி இனிக்காது. முளைத்த தானியத்தில் மாவைச் சர்க்கரையாக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது பீர் காய்ச்சுபவர்களுக்கு ரொம்ப காலமாகத் தெரியும். அது என்ன என்பதுதான் தெரியாது.

1833-ல் பாயெனும் ழான் பிரான்சுவா பெர்சோவும் முளைகட்டிய பார்லியை நீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரில் ஆல்கஹாலை ஊற்றினார்கள். வெள்ளையாக ஒரு பொருள் படிந்தது. துளியூண்டு எடுத்தாலே பெரிய அளவு மாவைக் கரைத்துவிட்டது. கொதிக்க வைத்தால் அதன் சக்தி போய்விட்டது. அதற்கு டயாஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். உயிருள்ள செல்லிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் என்சைம் அதுதான். இன்று என்சைம் பெயர்கள் லிபேஸ், அமைலேஸ், புரோட்டியேஸ் என்று ‘ஏஸ்’ஸில் முடிவதற்குக் காரணம் அந்த டயாஸ்டேஸ்.

இதோடு நிறுத்தியிருந்தாலும் பாயென் பெயர் பாடப் புத்தகத்தில் இருந்திருக்கும். 1835-ல் பாரிஸின் எகோல் சென்ட்ரால் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஆலை முதலாளி வேலை பின்னால் போனது.

ஒரு நம்பர் இடித்தது

இப்போதுதான் மரம் வருகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏன்னா கதையின் மையமே இதுதான்.

அப்போது மரத்தை வேதியியலாளர்கள் ஒரே பொருளாகத்தான் பார்த்தார்கள். கே-லுசாக், தெனார் என்ற இரண்டு ஜாம்பவான்கள் 1811-லேயே மரத்தை எரித்து அளந்திருந்தார்கள். ஒரு பொருளை முழுவதுமாக எரித்து, வெளிவரும் கரியமில வாயுவையும் நீரையும் பிடித்து எடைபோட்டால் அதில் எவ்வளவு கார்பன், எவ்வளவு ஹைட்ரஜன் என்று கணக்கிடலாம். ஓக் மரத்தில் கார்பன் சுமார் 52.5 சதவீதம், பீச் மரத்தில் சுமார் 51.5 சதவீதம் என்று அவர்களுக்குக் கிடைத்தது. இரண்டுமே வன்மரங்கள். அகல இலை கொண்ட மரங்களைத்தான் காகிதத் தொழிலில் வன்மரம் என்கிறோம். நம்ம தைல மரம், சவுக்கு எல்லாம் இந்த வகை. பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம்.

இங்கேதான் இடிக்கிறது. மரம் ஒரே பொருள் என்றால், எந்த மரத்தை எரித்தாலும் ஒரே எண் வர வேண்டுமே? உப்பைத் தூத்துக்குடியில் வாங்கினாலும் குஜராத்தில் வாங்கினாலும் அதில் சோடியத்தின் பங்கு ஒன்றுதானே? மரத்துக்கு மட்டும் ஏன் மாறுகிறது?

பாயென் எளிமையான, ஆனால் பொறுமை தேவைப்படும் ஒரு வேலையைச் செய்தார். மரத்தூளை நைட்ரிக் அமிலத்தில் போட்டார். பிறகு காரக் கரைசல். பிறகு நீர், ஆல்கஹால், ஈதர் என்று ஒவ்வொன்றாகக் கழுவினார். கரையக்கூடியதெல்லாம் போன பிறகு வெள்ளையாக நார்ப்பொருள் ஒன்று மிஞ்சியது. அதை உலர்த்தி எரித்து அளந்தார். கார்பன் 43.6 முதல் 45 சதவீதம். ஹைட்ரஜன் 6 முதல் 6.5 சதவீதம். மிச்சம் ஆக்ஸிஜன். எந்த மரத்தில் ஆரம்பித்தாலும் வந்து நிற்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

சரி, அமிலம் மரத்தையே மாற்றிவிட்டது, அதனால்தான் எண் குறைந்தது என்று யாராவது சொன்னால்? நியாயமான சந்தேகம். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. மரமாக இறுகாத இளம் திசுக்களையும் அவர் சோதித்தார். பாதாம், ஆப்பிள், சூரியகாந்திப் பூக்களின் சூல்கள், வேர் நுனிகள், எல்டர் செடித் தண்டின் உட்சோறு, பஞ்சு. இவற்றுக்கு அவ்வளவு கடுமையான அமிலக் குளியல் தேவையே இல்லை. சாதாரணமாகச் சுத்தம் செய்தாலே அதே எண் வந்தது. அதாவது அந்த வெள்ளைப் பொருளை அமிலம் உண்டாக்கவில்லை. அது ஏற்கெனவே எல்லாச் செடியிலும் இருக்கிறது. செல் சுவர் முதலில் அதனால் கட்டப்படுகிறது. செடி முதிர முதிர அதன் மேலும் இடுக்கிலும் வேறொரு பொருள் படிந்து இறுகுகிறது. அதை அவர் ‘அப்பிய பொருள்’ என்ற அர்த்தத்தில் குறிப்பிட்டார்.

அப்பியிருப்பதில் கார்பன் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதைச் சாதாரணக் கணக்கே சொல்லிவிடும். மொத்த மரத்தில் கார்பன் 50 சதவீதத்துக்கு மேல், அதில் ஒரு பங்கில் 44 சதவீதம்தான் என்றால், இன்னொரு பங்கில் மொத்தத்தை விட அதிகமாகத்தானே இருக்கும்? இன்றைய அளவீடுகளில் லிக்னினில் கார்பன் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. எந்த மரத்தில் எவ்வளவு அப்பியிருக்கிறதோ அதைப் பொறுத்து மொத்த எண் மாறுகிறது. 1811-ன் புதிர் அவிழ்ந்தது.

இன்னொரு ட்விஸ்ட்டும் இருந்தது. அந்த வெள்ளைப் பொருளின் கலவை மாவுச்சத்தின் கலவையோடு அப்படியே பொருந்தியது. ஒரே கலவை, ஆனால் ஒன்று சோறு, இன்னொன்று சட்டை. மாவு வெந்நீரில் கஞ்சியாகிறது, அயோடின் பட்டால் நீலமாகிறது. பஞ்சு எவ்வளவு கொதித்தாலும் பஞ்சுதான். ஒரே அணுக்கள் வேறு வேறு விதமாக அடுக்கப்படலாம் என்ற கருத்து அப்போதுதான் வேதியியலில் காலூன்றிக்கொண்டிருந்தது. பாயென் இதை அந்த வரிசையில் வைத்தார். இரண்டுமே குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள், கோத்த விதம் மட்டும் வேறு என்று முழுசாகப் புரிய 20-ம் நூற்றாண்டு வரை ஆனது.

1838 கடைசியில் பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் முன் இந்த ஆய்வு வைக்கப்பட்டது. துமா உள்ளிட்ட உறுப்பினர்கள் கொண்ட குழு அதைப் பரிசீலித்து 1839 தொடக்கத்தில் அறிக்கை தந்தது. அச்சில் செல்லுலோஸ் என்ற பெயர் தோன்றியது அந்த அறிக்கையில்தான். அதே ஆண்டு பாரிஸின் கலை, தொழில் காட்சியகக் கல்லூரியில் பாயெனுக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. யாரும் இலவசமாக வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய பொது வகுப்புகளுக்குப் பெயர் போன இடம் அது. ஆலையில் வளர்ந்த ஒருவருக்கு இதை விடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது. 1842-ல் அகாடமி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

கந்தல் துணிப் பஞ்சம்

இதெல்லாம் ஏன் காகிதத்துக்கு முக்கியம்? ஏன்னா அன்றைய ஐரோப்பாவில் காகிதம் மரத்திலிருந்து வரவில்லை. கிழிந்த பருத்தி, லினன் துணியிலிருந்து வந்தது. வீடு வீடாகப் பழைய துணி பொறுக்குவது ஒரு தொழில். 1799-ல் லூயி நிக்கொலா ராபேர் என்ற பிரெஞ்சுக்காரர் நிற்காமல் காகிதம் ஓட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இயந்திரம் தயார், பத்திரிகை படிக்க ஆளும் தயார். துணிதான் இல்லை. மனிதர்கள் சட்டையைக் கிழிக்கும் வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கிறதே.

குளவி மரத்தைச் சுரண்டி மென்று காகிதம் போலக் கூடு கட்டுகிறது, நாமும் செய்தால் என்ன என்று ரெயோமூர் என்ற இயற்கையியலாளர் 1719-லேயே கேட்டிருந்தார். ஆனால் மரத்தில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்று யாருக்கும் தெரியாது. பாயெனின் ஆய்வு அதற்கான விடை. கந்தல் துணியில் காகிதமாவது எதுவோ, ஓக் மரத்திலும் அதுவே இருக்கிறது. அப்பியதை மட்டும் நீக்கு.

எல்லாரும் அந்த வழியில் போகவில்லை. 1840-களில் ஜெர்மனியின் கெல்லர் மரத்தைக் கல்லில் உரசிக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். மலிவு. ஆனால் எதுவும் நீங்கவில்லை, லிக்னின் முழுக்க உள்ளேயே இருந்தது. பரணில் உதிரும் நியூஸ்பேப்பரின் பூர்வீகம் அந்த முறைதான். இன்னொரு பக்கம், 1850-களில் பர்கெஸ், வாட் என்ற இருவர் மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவில் அழுத்தத்தில் வேகவைத்து லிக்னினைக் கரைத்து வெளியேற்றினார்கள். இந்தச் சோடா முறை பாப்லர் போன்ற வன்மரங்களுக்கு நன்றாகப் பொருந்தியது. லேபில் பாயென் செய்ததை ஆலை அளவில் செய்தது என்றே இதைச் சொல்லலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே இது நடந்தது.

அவர் சொன்னது எல்லாம் சரியா?

இல்லை. 1850-களின் இறுதியில் எட்மோன் ஃப்ரெமி என்ற சக வேதியியலாளர் எதிர்த்து நின்றார். செல்லுலோஸ் ஒன்றல்ல, ஒவ்வொரு திசுவிலும் வெவ்வேறு வகை இருக்கிறது என்பது அவர் வாதம். பாயென் விட்டுக்கொடுக்கவில்லை. பொருள் ஒன்றுதான், கூட ஒட்டியிருக்கும் அழுக்குதான் வேறு என்று நின்றார்.

காலம் பெரும்பாலும் பாயென் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஓக்கின் செல்லுலோஸும் பஞ்சின் செல்லுலோஸும் வேதியியலில் ஒன்றுதான். ஆனால் என் பார்வையில் ஃப்ரெமியின் சந்தேகத்திலும் ஒரு பங்கு நியாயம் இருந்தது. மரத்தில் இரண்டு பொருள் இல்லை, மூன்று. காரத்தில் எளிதில் கரையும் இன்னொரு சர்க்கரைச் சங்கிலிக் கூட்டம் இருக்கிறது. 1891-ல் எர்ன்ஸ்ட் ஷூல்ட்சே அதற்கு ஹெமிசெல்லுலோஸ் என்று பெயரிட்டார். லிக்னின் என்ற சொல்லைப் பாயென் சொன்ன அப்பிய பொருளுக்கு 1857-ல் பொருத்தியவர் ஃபிரான்ஸ் ஷூல்ட்சே. அவர் வேறு, இவர் வேறு. நானும் முதலில் குழம்பினேன்.

வன்மரத்தில் இந்த மூன்றாவது ஆசாமி முக்கியமானவர். பொதுவாக வன்மரத்தில் செல்லுலோஸ் 40 முதல் 45 சதவீதம், லிக்னின் 18 முதல் 25 சதவீதம், மிச்சத்தில் பெரும்பங்கு ஹெமிசெல்லுலோஸ். மென்மரத்தில் லிக்னின் கூடுதல், அதை அசைப்பதும் கஷ்டம். வன்மர லிக்னினின் அமைப்பு கொஞ்சம் தளர்வானது, வேகவைத்தால் சீக்கிரம் கழன்றுகொள்ளும். அதனால் ஒரு டன் வன்மரத்திலிருந்து கிடைக்கும் கூழ் மென்மரத்தை விட அதிகம். குறை என்னவென்றால் நார் குட்டை, சுமார் 1 மில்லிமீட்டர். மென்மர நார் 3 மில்லிமீட்டர் வரை போகும். பை தைக்கும் உறுதியான தாளுக்கு நீள நார் வேண்டும். எழுதவும் அச்சடிக்கவும் வழவழப்பான தாளுக்குக் குட்டை நார் போதும், சொல்லப்போனால் அதுவே நல்லது. கரூர் மாவட்டம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையோடு தைல மரம், சவுக்கையும் கூழாக்குவது இந்தக் கணக்கில்தான்.

இன்றைய லேபில் சோதனை நடக்கும் விதத்தைப் பார்த்தால் பாயென் சிரித்திருப்பார். அவர் லிக்னினைக் கரைத்துவிட்டு செல்லுலோஸை எடைபோட்டார். இப்போது அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மரத்தூளிலிருந்து முதலில் பிசின், எண்ணெய் போன்றவற்றைக் கரைப்பான் ஊற்றி எடுத்துவிடுவார்கள். பிறகு 72 சதவீதக் கந்தக அமிலம். சர்க்கரைச் சங்கிலிகள் எல்லாம் கரைந்து போக, லிக்னின் கறுப்பாக மிஞ்சும். அதை வடிகட்டி எடைபோடுவார்கள். வன்மரத்தில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் லிக்னினில் ஒரு பகுதி அமிலத்திலேயே கரைந்து வடிகட்டிய நீரோடு போய்விடும். அதனால் அந்த நீரில் புற ஊதா ஒளியைச் செலுத்தி, தப்பித்துப் போனதையும் அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் மரத்தில் லிக்னின் குறைவு என்று தப்பாக முடிவு கட்டி, உலையில் ரசாயனத்தைக் குறைத்துப் போட்டு, கூழ் சரியாக வேகாமல் போகும்.

முற்றுகைக்குள் ஒரு முதியவர்

1850-களில் பாயென் உணவுப் பொருட்கள் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதினார். எதில் என்ன சத்து, எதில் என்ன கலப்படம், வீணாவதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் அதில் வரும். தொழில் வேதியியல் பற்றிய அவரது நூல் பல பதிப்புகள் கண்டது.

1870 செப்டம்பரில் பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்தது. அவருக்கு 75 வயது. நகரை விட்டுப் போகவில்லை. நாலு மாதத்துக்கும் மேல் உணவு உள்ளே வரவில்லை. குதிரை, நாய், பூனை, கடைசியில் எலி வரை சந்தையில் விலைக்கு வந்தது. மிருகக்காட்சிச் சாலை யானைகளைக் கூட வெட்டினார்கள். எதைச் சாப்பிடலாம், எது உடம்புக்கு ஆகும் என்று வாழ்நாள் முழுக்க எழுதிய மனிதர் அந்தப் பசிக்குள்ளேயே இருந்தார்.

1871 ஜனவரியில் முற்றுகை முடிந்தது. மார்ச்சில் பாரிஸ் கம்யூன் எழுச்சி. மே மாத நடுவில், அரசுப் படைகள் நகருக்குள் நுழைந்து தெருத்தெருவாகச் சண்டை வெடிப்பதற்குச் சில நாட்கள் முன்பு பாயென் இறந்தார்.

18 ஆண்டுகள் கழித்துக் கட்டப்பட்ட ஈஃபிள் கோபுரத்தில் பிரான்ஸின் 72 அறிவியலாளர்கள், பொறியாளர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மரத்தை முதலில் எரித்து அளந்த கே-லுசாக், தெனார் இருக்கிறார்கள். ஆசிரியர் செவ்ரெல் இருக்கிறார். அறிக்கை எழுதிய துமா இருக்கிறார். பாயென் பெயர் இல்லை. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் செல்லுலோஸ் பிரிவு மட்டும் 1962 முதல் அவர் பெயரில் ஒரு விருது கொடுத்துவருகிறது.